மணல் யாருடையது, மணலின் காசு யாருடையது?

திருகோணமலை மாவட்டத்துப் புல்மோட்டைக் கரையில் ஒரு பிடி மணல் அள்ளிப் பார்த்தவர்களுக்குத் தெரியும்: கை நினைத்ததைவிட அது கனக்கும். கறுப்பாக இருக்கும், வெயிலில் காட்டினால் இரும்புத்தூள் போல மினுங்கும். இல்மனைட், ரூட்டைல், சிர்கோன் ஆகிய கனிமங்கள் கலந்த மணல் அது. வெள்ளைப் பெயின்டுக்கு வெண்மை கொடுக்கும் பொருளை இந்தக் கறுப்பு இல்மனைட்டிலிருந்துதான் எடுக்கிறார்கள் என்பது நினைவுக்கு வரும்போதெல்லாம் எனக்குச் சிரிப்பு வரும்.

திருகோணமலைத் தேநீர்க் கடைகளில் அரசியல் பேச்சு இந்த மணலை மிதிக்காமல் முடிவதில்லை. சென்ற வாரம் ஒருவர், "சமஷ்டி மட்டும் வரட்டும், மணற்காசு முழுவதும் எங்கள் மாகாணத்துக்குத்தான்" என்றார். எதிரே இருந்தவர், "மாகாணத்துக்கு ஒரு சதமும் கிடையாது, எல்லாம் கொழும்புக்கு" என்றார். மூன்றாமவர் சீனக்குடா எண்ணெய்க் குதங்களையும் கணக்கில் சேர்த்தார். அன்றிரவு கனடாவின் அல்பேர்ட்டா மாகாணத்து எட்மன்டனிலிருந்து மருமகன் பேசினான். "மாமா, சமஷ்டி இருந்தும் என்ன? எங்கள் எண்ணெய்க் காசை எடுத்துக் கியூபெக் மாகாணத்துக்காரருக்குக் கொடுக்கிறார்கள்" என்று குறைப்பட்டான்.

நால்வரும் ஒரே விடயத்தைப் பேசுவதாகத்தான் நினைத்துக்கொண்டிருந்தார்கள். உண்மையில் அங்கே மூன்று கேள்விகள் இருந்தன. வளம் யாருக்குச் சொந்தம்? அதன்மீது வரி விதிக்க யாருக்கு அதிகாரம்? வசதியான மாகாணத்துக்கும் வசதி குறைந்த மாகாணத்துக்கும் இடையிலான பள்ளத்தை யார் நிரப்புவது? மூன்றையும் ஒரே சாக்கில் போட்டுக் கட்டிவிடுவதால்தான் இந்தப் பேச்சு எப்போதும் சண்டையில் முடிகிறது.

எண்ணெய்க் குதங்களை இப்போதே ஒதுக்கிவைத்துவிடலாம். பிரித்தானியர் கட்டிய அந்தத் தொட்டிகள் 99. 2022 ஜனவரி ஒப்பந்தத்தின்படி 14 இந்தியக் கம்பனியின் கிளையான லங்கா ஐஓசியிடமும், 24 இலங்கை அரசின் பெற்றோலியக் கூட்டுத்தாபனத்திடமும், மிகுதி 61 இரண்டும் சேர்ந்த கூட்டு நிறுவனத்திடமும் இருக்கின்றன. ஆனால் அவை வெளியிலிருந்து வரும் எண்ணெயைச் சேமிக்கும் இடங்கள். பத்தாயம் வைத்திருப்பவர் எல்லாரும் வயற்காரர் ஆகிவிடமாட்டார்கள்.

கரைவலைக் கணக்கு

விடிகாலையில் நிலாவெளிப் பக்கம் கரைவலை இழுப்பதைப் பார்த்திருப்பீர்கள். தோணி அரைவட்டமாகப் போய் வலையை வளைத்துவிட்டுக் கரைக்குத் திரும்பும். இரண்டு பக்கக் கயிற்றிலும் ஆட்கள் பிடித்து இழுப்பார்கள். மடி கரை சேர்ந்து மீன் மணலில் துள்ளும்போதே கணக்குத் தொடங்கிவிடும்.

வலை வளைக்கும் இடத்துக்குப் பாடு என்று பெயர். பாட்டுக்கு உரிமை ஒருவருடையது. வலையும் தோணியும் இன்னொருவருடையதாக இருக்கலாம். இழுக்க வந்தவர்கள் வேறு ஆட்கள். பாட்டுக்காரர் கயிற்றைத் தொடாமல் நிழலில் நின்றாலும் அவருக்கு ஒரு பங்கு உண்டு. இடம் அவருடையது என்பது தவிர அதற்கு வேறு காரணம் தேவையில்லை.

அதே மீனைச் சந்தைக்குக் கொண்டுபோனால் வாசலில் ஒரு கட்டணச் சீட்டுக் கிழிக்கிறார்கள். சீட்டுக் கிழிப்பவருக்கு அந்த மீனில் ஒரு செதிலும் சொந்தமில்லை. ஆனாலும் வாங்குகிறார், ஏனென்றால் அதிகாரம் இருக்கிறது. பிறகு மீனவர் சங்கம் இருக்கிறது. நல்ல பாடு கிடைத்தவரும் கிடைக்காதவரும் கட்டிய சந்தாவிலிருந்து, வலை கிழிந்துபோன குடும்பத்துக்கு அது உதவி செய்கிறது.

உடைமைக்கான பங்கு, அதிகாரத்துக்கான கட்டணம், பொதுப்பெட்டியிலிருந்து வரும் உதவி: மூன்றும் ஒரே மீனைச் சுற்றி நகரும் மூன்று வேறு பணங்கள். இன்னொன்றும் கரையில் அடிக்கடி காதில் விழும். "பங்கு மொத்தத்திலா, செலவு போக மிச்சத்திலா?" அரசுகளும் எண்ணெய்க் கம்பனிகளும் பிடிக்கும் சண்டையும் இதுவேதான், அவர்கள் சட்டத்தரணிகளை வைத்துப் பிடிக்கிறார்கள்.

மூன்று சொற்கள்

பாட்டுக்காரரின் பங்குக்குச் சட்ட மொழியில் உரிமைப்பணம் என்று பெயர். ரோயல்டி என்று செய்தித்தாள்களில் வருவது இதுதான். நிலத்தடியில் இருந்த ஒன்றை இன்னொருவர் எடுத்துப் போவதற்காக, அதன் உடைமையாளருக்குச் செலுத்தும் விலை அது. உடைமையாளர் அரசாக இருந்தால் அரசுக்குச் செலுத்த வேண்டும்.

சந்தைச் சீட்டுதான் வரி. உடைமை இருக்கவேண்டிய அவசியமில்லை, சட்டம் கொடுத்த அதிகாரம் போதும்.

சங்கத்தின் உதவிக்குச் சமப்படுத்தல் என்று பெயர். வருமானம் திரட்டும் வலு குறைந்த மாகாணமும் ஏறக்குறைய அதே தரத்தில் பள்ளிக்கூடமும் ஆஸ்பத்திரியும் நடத்தவேண்டும் என்பதற்காக, மத்திய அரசு தன் கருவூலத்திலிருந்து கொடுக்கும் தொகை அது.

சமஷ்டி என்ற சொல்லை நம் ஊருக்கு விளக்கத் தேவையில்லை. 1956 ஆகஸ்டில் தமிழரசுக் கட்சி அதைத் தீர்மானமாக நிறைவேற்றியது இதே திருகோணமலையில் கூடிய மாநாட்டில்தான். அதிகாரத்தை அரசியலமைப்பே மத்திக்கும் மாகாணங்களுக்கும் பிரித்துக் கொடுத்து, ஒரு தரப்பு தனியாக அதை மாற்ற முடியாதபடி பூட்டிவைப்பது சமஷ்டி. ஆனால் அந்தப் பூட்டுக்குள் மணல் இருக்கிறதா என்பது வேறு கேள்வி. 1957 பண்டா - செல்வா ஒப்பந்தத்தைப் பாருங்கள். பிரதேச சபைகளுக்கு வரி விதிக்கவும் கடன் வாங்கவும் அதிகாரம் உண்டு என்று அதில் எழுதினார்கள். மத்தி மொத்த மானியம் தரும் என்றும் எழுதினார்கள். எந்த அடிப்படையில் எவ்வளவு என்பதைப் பின்னர் ஆராய்வதாக விட்டுவிட்டார்கள். காசுக் கணக்கைப் "பின்னர்" என்று தள்ளும் வழக்கத்துக்கு நம் அரசியலில் வயது அதிகம்.

உடைமை மாகாணத்திடம் இருந்தால் சண்டை வராதா?

மருமகன் இருக்கும் அல்பேர்ட்டா இதற்கு நல்ல பாடம்.

கனடாவின் 1867 அரசியலமைப்புச் சட்டத்தில் 109ஆவது பிரிவு நிலம், சுரங்கம், கனிமம், உரிமைப்பணம் ஆகியவற்றை மாகாணங்களுக்கே விட்டது. ஆனால் 1905இல் அல்பேர்ட்டாவையும் சஸ்கச்சுவானையும் புதிதாக உருவாக்கியபோது தலைநகர் ஒட்டாவாவிலிருந்த மத்திய அரசு அவற்றின் நிலவளத்தைத் தன்னிடமே வைத்துக்கொண்டது. மூத்த பிள்ளைகளுக்குக் காணி உறுதியோடு, இளைய பிள்ளைகளுக்கு உறுதி இல்லாமல் சீதனம் கொடுத்த கதை. கால் நூற்றாண்டு முறைப்பாட்டுக்குப் பிறகு 1930இல்தான் வளம் கைமாறியது. 1947 பெப்ரவரியில் அல்பேர்ட்டாவில் லெடூக் என்ற இடத்தில் எண்ணெய் பொங்கியது. கைமாற்றம் இன்னும் இருபது ஆண்டு தாமதித்திருந்தால் ஒட்டாவா அதை விட்டுக் கொடுத்திருக்குமா என்று எனக்குச் சந்தேகம்.

எண்ணெய் அல்பேர்ட்டாவுடையது, உரிமைப்பணம் அல்பேர்ட்டாவுக்கு. அதோடு பிரச்சினை முடிந்திருக்க வேண்டும். முடியவில்லை. 1973இல் உலகச் சந்தையில் எண்ணெய் விலை பாய்ந்து ஏறியது. எல்லை தாண்டும் வணிகம் மத்திய அரசின் அதிகாரம் அல்லவா? ஒட்டாவா உள்நாட்டு விலையை உலக விலைக்குக் கீழே பிடித்துவைத்தது. ஏற்றுமதியாகும் எண்ணெய்க்கு வரி போட்டது. பாடு உங்களுடையதுதான், மீனும் உங்கள் பாட்டில் பட்டதுதான். ஆனால் சந்தை வாசலும் விலைப் பலகையும் என்னிடம் இருக்கின்றன என்று சொல்வதைப் போன்றது இது. உடைமையைத் தொடாமலேயே அதன் பயனில் பெரும்பகுதியை எடுத்துவிடலாம்.

1980 அக்டோபரில் கனடாப் பிரதமர் பியர் ட்ரூடோவின் அரசு தேசிய எரிசக்தித் திட்டத்தைக் கொண்டுவந்து இந்தப் பிடியை இன்னும் இறுக்கியது. அல்பேர்ட்டாவின் முதல்வர் பீட்டர் லோகீட் தொலைக்காட்சியில் தோன்றி, கிழக்கு மாகாணங்களுக்குப் போகும் எண்ணெயைப் படிப்படியாகக் குறைக்கப்போவதாக அறிவித்தார். கிழக்கிலிருப்பவர்கள் இருட்டில் குளிரில் விறைக்கட்டும் என்ற கருத்தில் அல்பேர்ட்டாக்காரர் வாகனங்களில் வாசகங்கள் ஒட்டினார்கள். (உலகத்தில் எங்கே போனாலும் கிழக்கு என்றால் ஒரு சங்கடம்தான் போலிருக்கிறது. அங்கே கிழக்கு என்பது வாங்கித் தின்னும் பக்கம்; இங்கே தோண்டக் கொடுக்கும் பக்கம்.) 1981 செப்டம்பரில் விலையிலும் பங்கிலும் ஓர் உடன்பாடு வந்தது. 1982இல் அரசியலமைப்பைத் திருத்தியபோது, வளத்தின் மீது மாகாணங்களுக்குள்ள அதிகாரத்தை விரித்துச் சொல்ல 92அ என்று ஒரு புதிய பிரிவையே சேர்த்தார்கள்.

இதுவரை சொன்னதைச் சுருக்கினால்: உடைமை ஒருவரிடம் இருக்கலாம், வரியும் வணிகமும் இன்னொருவரிடம் இருக்கலாம். இரண்டும் பிரிந்திருக்கும் நாடுகளில் விலை ஏறும்போதுதான் சண்டை தொடங்கும். விலை இறங்கியிருக்கும்போது பங்கு கேட்டு யாரும் கதவைத் தட்டுவதில்லை.

மருமகனின் குறை

இனி அந்தக் கியூபெக் விடயம். இதைப் பற்றி எங்கள் உறவினர் வீடுகளில் பேசுவதைக் கேட்டால், மாதா மாதம் அல்பேர்ட்டா முதல்வர் கியூபெக் முதல்வருக்குக் காசோலை எழுதி அனுப்புவதாகவே தோன்றும்.

அப்படி ஒரு காசோலை இல்லை. அல்பேர்ட்டாவின் உரிமைப்பணம் அல்பேர்ட்டாவின் பெட்டிக்குத்தான் போகிறது. சமப்படுத்தல் தொகை மத்திய அரசின் பொது வருமானத்திலிருந்து வருகிறது. அந்தப் பொது வருமானத்தில் மருமகன் கட்டிய வருமான வரியும் இருக்கிறது, கியூபெக்கில் இருப்பவர் கட்டிய வரியும் இருக்கிறது. அல்பேர்ட்டாவில் சம்பளம் அதிகம் என்பதால் அங்கிருந்து வரியும் அதிகமாகப் போகிறது. வீட்டில் எல்லாப் பிள்ளைகளும் உழைப்புக்கு ஏற்றபடி அம்மாவிடம் காசு கொடுக்க, அம்மா கடைக்குட்டிக்குக் கொஞ்சம் கூடக் கொடுக்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். மூத்தவன் "என் காசில் அவன் படிக்கிறான்" என்று சொல்வது மனநிலையாகச் சரி, கணக்காகச் சரியில்லை.

யாருக்கு எவ்வளவு என்பதை எப்படி முடிவு செய்கிறார்கள்? ஒவ்வொரு மாகாணமும் நாட்டின் சராசரி வீதத்தில் வரி விதித்தால் தலைக்கு எவ்வளவு திரட்ட முடியும் என்று கணக்கிடுகிறார்கள். சராசரியைவிடக் குறைந்தால் மத்தி நிரப்புகிறது. கூடினால் ஒன்றும் கிடையாது. 1957இல் தொடங்கிய இந்த முறையின் கொள்கை 1982இல் அரசியலமைப்புக்குள்ளேயே ஏறிவிட்டது. அல்பேர்ட்டா கடைசியாக அதில் பணம் பெற்று அறுபது ஆண்டுகளாகின்றன.

மருமகனின் குறையில் ஒரு நியாயமான இழையும் இருக்கிறது. அந்தக் கணக்கில் வள வருமானத்தை எவ்வளவு சேர்ப்பது? முழுவதையும் சேர்த்தால் ஒரு விடை, பாதியைச் சேர்த்தால் ஒரு விடை, சேர்க்காமலே விட்டால் இன்னொரு விடை. கியூபெக் தன் நீர் மின்சாரத்தை மக்களுக்கு மலிவாக விற்கிறது. அப்படி விட்டுக்கொடுத்த காசு வருமானமாகத் தெரிவதில்லை. எண்ணெய் வருமானமோ கண்ணாடிப் போத்தலில் வைத்ததுபோல் பளிச்சென்று தெரிகிறது. 2021 அக்டோபரில் அல்பேர்ட்டா இதைப் பற்றிப் பொதுசன வாக்கெடுப்பு நடத்தியது. வாக்களித்தவர்களில் 60 வீதத்துக்கும் மேற்பட்டோர் அந்த அரசியலமைப்புப் பிரிவை நீக்கச் சொன்னார்கள். ஒரு மாகாணத்தின் வாக்கால் அதை நீக்க முடியாது, பிரிவு இன்றும் இருக்கிறது.

ஒரு கையால் கொடுத்து மறு கையால் எடுப்பது

வசதி குறைந்தோருக்கு அரசு தரும் அஸ்வெசும கொடுப்பனவு பெறும் வீடுகளில் ஒரு பயம் உண்டு. மகன் முச்சக்கர வண்டி ஒன்று எடுத்துவிட்டால், அடுத்த மதிப்பீட்டில் பெயர் வெட்டுப்பட்டுவிடுமோ என்ற பயம். வண்டியால் வரும் காசும் நின்றுபோகும் கொடுப்பனவும் ஒன்றாகிவிட்டால் வண்டி எதற்கு? இதற்கு மீளப்பிடித்தல் என்று பெயர் வைத்துக்கொள்வோம்: சொந்த வருமானம் ஏறும் அளவுக்கு உதவி இறங்குவது.

நியூபவுண்ட்லாந்து இதைப் பெரிய அளவில் அனுபவித்தது. 1949இல்தான் கனடாவோடு சேர்ந்த மாகாணம் அது. கோட் மீனை நம்பி வாழ்ந்தார்கள். 1992இல் மீன் வற்றிப்போய் மத்திய அரசு மீன்பிடியை நிறுத்தியது. அதற்கு முன்பே கடலுக்கடியில் எண்ணெய் கண்டுபிடித்திருந்தார்கள். அது யாருடையது? மாகாணத்தின் உரிமை தரையோடு முடிந்துவிடுகிறது, கடலடி மத்தியினுடையது என்று 1984இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. ஆனாலும் அடுத்த ஆண்டே ஒட்டாவாவோடு ஓர் ஒப்பந்தம் செய்து, தரையில் கிடைத்த எண்ணெய்க்கு வாங்குவதுபோலவே வருமானம் வாங்கும் உரிமையை மாகாணம் பெற்றுக்கொண்டது. உடைமை இல்லாமலும் உரிமைப்பணம் வாங்க முடியும் என்பதற்கு இது சாட்சி. சட்டத்தில் தோற்றதைப் பேச்சில் பெற்றார்கள்.

எண்ணெய்க் காசு வரத் தொடங்கியதும் சமப்படுத்தல் தொகை குறையத் தொடங்கியது. வலது கைக்கு வந்தது இடது கையால் போனது. 2004 டிசம்பரில் முதல்வர் டானி வில்லியம்ஸ் மாகாண அரசுக் கட்டடங்களிலிருந்து கனடாக் கொடியை இறக்கச் சொன்னார். 2005 ஜனவரி இறுதியில் புதிய உடன்பாடு வந்தது. 2008இல் அந்த மாகாணம் சமப்படுத்தல் பெறும் பட்டியலிலிருந்தே வெளியேறியது.

கவனியுங்கள், நியூபவுண்ட்லாந்தின் இந்தச் சண்டை உடைமை பற்றியும் இல்லை, வரி பற்றியும் இல்லை. மூன்றாவது பெட்டியின் கணக்குமுறை பற்றியது.

உரிமைப்பணம் வரியா?

பள்ளிக்கூட வாதப்போட்டித் தலைப்புப் போலத் தெரியும் இந்தக் கேள்வி இந்தியாவில் பெரும் தொகைகளை இடம் மாற்றியது. அங்கே பெரிய கனிமங்களுக்கான உரிமைப்பணத்தின் வீதத்தை மத்திய அரசு நிர்ணயிக்கிறது, காசு மாநிலத்துக்குப் போகிறது. அதற்கு மேல் மாநிலமும் தனியாக வரி விதிக்கலாமா? தமிழ்நாட்டில் ஒரு சிமெந்துக் கம்பனியின் சுண்ணாம்புக்கல் தொடர்பாக எழுந்த வழக்கில், உரிமைப்பணமே ஒரு வரிதான், அதன்மீது மாநிலம் மேல்வரி போட முடியாது என்று 1989இல் 7 நீதிபதிகள் தீர்த்தார்கள். 35 ஆண்டுகள் அந்தத் தீர்ப்பு நின்றது. 2024 ஜூலை 25 அன்று 9 நீதிபதிகள் கொண்ட அமர்வு, 8க்கு 1 என்ற கணக்கில் அதைக் கவிழ்த்தது. உரிமைப்பணம் என்பது குத்தகைக்கான விலை, வரி வேறு, கனிம உரிமை மீது மாநிலம் வரி விதிக்கலாம் என்றது. 2005 ஏப்ரலிலிருந்து கணக்கிட்டு, 12 ஆண்டுத் தவணையில் வசூலிக்கவும் அனுமதித்தது.

பாட்டுக்காரர் பங்கு வேறு, சந்தைச் சீட்டு வேறு என்று கரையில் நிற்கும் எவரும் சொல்லியிருப்பார்.

நம் சட்டத்தில் என்ன இருக்கிறது

இலங்கை சமஷ்டி நாடு அல்ல. அரசியலமைப்பு அதை ஒற்றையாட்சி என்கிறது. மாகாண சபைகள் 1987இன் 13ஆவது திருத்தத்தால் வந்தவை. அதன் ஒன்பதாவது அட்டவணையில் மூன்று நிரல்கள்: மாகாணத்துக்கு ஒன்று, மத்திக்கு ஒதுக்கிய ஒன்று, இருவருக்கும் பொதுவான ஒருங்கிய நிரல்.

கனிமங்களும் சுரங்கங்களும் மத்திக்கு ஒதுக்கிய நிரலில் இருக்கின்றன. 1992இன் 33ஆம் இலக்கச் சுரங்க, கனிமச் சட்டம் கனிமங்களின் உடைமையை அரசுக்கு ஆக்கியது. உரிமம் கொடுப்பதும் உரிமைப்பணம் வாங்குவதும் புவிச்சரிதவியல், சுரங்கப் பணியகத்தின் வேலை. புல்மோட்டையில் மணலைப் பிரித்து விற்பதும் மத்திய அரசுக்குச் சொந்தமான கனிய மணல் நிறுவனம். ஆக முதலாவது கேள்விக்கு விடை தெளிவு. தேநீர்க் கடையில் "எல்லாம் கொழும்புக்கு" என்றவர் இந்த அளவில் சரி.

ஆனால் "ஒரு சதமும் கிடையாது" என்றாரே, அங்கேதான் தவறினார். மாகாண நிரலின் 36ஆவது விடயம் மாகாணத்துக்குரிய வருமானங்களைப் பட்டியலிடுகிறது. முத்திரைத் தீர்வை, மோட்டார் வாகன அனுமதிக் கட்டணம், நீதிமன்றத் தண்டப்பணம் எல்லாம் வரும் அந்தப் பட்டியலில் ஒரு வரி பலர் கண்ணில் படாமல் கிடக்கிறது: கனிம உரிமைகள் மீதான வரி. பாராளுமன்றம் சட்டத்தால் விதிக்கும் எல்லைகளுக்கும் விலக்குகளுக்கும் உட்பட்டது என்ற வால் அதற்கு உண்டு. இந்தியாவில் அந்த 9 நீதிபதிகள் விளக்கிய மாநிலப் பட்டியல் வாசகத்துக்கு இது கிட்டத்தட்ட உடன்பிறப்பு. உடைமை மத்தியிடம் இருந்தாலும், வரிக் கதவு மாகாணத்துக்கு முழுதாக அடைக்கப்படவில்லை. ஒருக்களித்துக் கிடக்கிறது, தாழ்ப்பாள் பாராளுமன்றத்தின் கையில்.

மூன்றாவது பெட்டிக்கு நிதி ஆணைக்குழு இருக்கிறது. மத்திய வங்கி ஆளுநர், திறைசேரிச் செயலாளர், மூன்று சமூகங்களையும் பிரதிநிதித்துவப்படுத்தும் மூவர் என ஐந்து பேர். மாகாணங்களுக்கிடையே மானியத்தைப் பகிரும்போது சனத்தொகை, தலா வருமானம், ஏற்றத்தாழ்வைக் குறைக்கும் தேவை ஆகியவற்றைப் பார்க்கவேண்டும் என்று அரசியலமைப்புச் சொல்கிறது. எந்த மாகாணத்திலிருந்து எவ்வளவு தோண்டினார்கள் என்பது அந்த அளவுகோல்களில் இல்லை. நைஜீரியாவின் 1999 அரசியலமைப்பு அதைச் சேர்த்திருக்கிறது: இயற்கை வள வருமானத்தில் குறைந்தது 13 வீதம் அது பிறந்த மாநிலங்களுக்குப் போகவேண்டும். அப்படி ஒரு பிறப்பிடப் பங்கு இருந்தால்தான் புல்மோட்டை என்ற பெயர் மானியக் கணக்கில் வரும். புல்மோட்டை அடங்கும் குச்சவெளிப் பிரதேசத்து ஆட்கள் "எங்கள் கரையை எடுக்கிறீர்கள், எங்களுக்கு என்ன?" என்று கேட்பது இந்தப் பங்கைத்தான். அது மாகாணம் என்ற அளவோடு நிற்கும் கேள்வியும் அல்ல. காசு திருகோணமலை நகரம்வரை வந்து அங்கேயே தங்கிவிட்டால், புல்மோட்டைக்காரருக்கு நகரமும் கொழும்பும் ஒன்றுதான்.

பெட்டியின் பூட்டு எவ்வளவு இறுக்கம் என்பதற்கும் ஓர் உதாரணம் உண்டு. மாகாணங்கள் விதித்துவந்த விற்பனைப் புரள்வு வரியை 2011இல் நிறுத்தி, அதற்குப் பதிலாக மத்தியின் தேசத்தைக் கட்டியெழுப்பும் வரியில் மூன்றில் ஒரு பங்கு தருவதென்று ஏற்பாடு செய்தார்கள். 2019 டிசம்பரில் மத்தி அந்த வரியையே நீக்கிவிட்டது. மூன்றில் ஒரு பங்கு அப்படியே இருந்தது, எதன் மூன்றில் ஒரு பங்கு என்பதுதான் இல்லாமல் போனது.

இதையெல்லாம் தேநீர்க் கடையில் சொல்லி முடித்தபோது பிளேன்டீ ஆறிப்போயிருந்தது. சமஷ்டி வரட்டும் என்றவர் அந்தக் கனிம உரிமை வரியைப் பிடித்துக்கொண்டார். "இப்போதுள்ள சட்டத்திலேயே இருக்கிறது என்கிறீர்கள். அப்படியானால் அதற்கான நியதிச்சட்டத்தை யார் ஆக்குவது?"

"மாகாண சபை."

"சபையில் இப்போது யார் இருக்கிறார்கள்?"

கிழக்கு மாகாண சபையின் கடைசித் தேர்தல் 2012இல் நடந்தது. பதவிக்காலம் 2017 செப்டம்பரில் முடிந்தது. அதற்குப் பிறகு தேர்தல் இல்லை, உறுப்பினர்களும் இல்லை; ஆளுநர்தான் இருக்கிறார்.